தளத்தைத் தூக்கித் தருகிறோம் என்று 38,000 ரூபாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள்

இன்று காலை மறுபடியும் அளந்து பார்த்தேன். கார் நிறுத்தும் போர்டிகோவின் தளம் படிக்கட்டு ஓரத்தில் இரண்டரை அங்குலம் இறங்கியிருக்கிறது. பழுது பார்ப்பதற்கு முன்பு இரண்டு அங்குலம்தான். இதற்காக நான் கொடுத்தது 38,000 ரூபாய். வயிறு எரிகிறது. இன்னொருவர் ஏமாறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

எங்கள் வீடு பள்ளிக்கரணைப் பக்கம், சதுப்பு நிலத்தை ஒட்டிய மனை. இடிபாடும் மண்ணும் கொட்டி மேடாக்கிக் கட்டியது. அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்துக் கெட்டிப்படுத்தாத மண் மழைக்கு மழை அமுங்கும். மேலே கான்கிரீட் அந்தரத்தில் நின்று, பாரம் தாங்காமல் ஒரு நாள் விரிசல் விட்டு இறங்கும். கார்த்திகை மழையில் தண்ணீர் தெருவுக்கு ஓடாமல் சுவரோரம் தேங்கியது. பயந்துபோய், வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் தேடினேன்.

வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, சுத்தியல் காம்பால் தளத்தைத் தட்டினார். நடுவில் கெட்டியான சத்தம். படிக்கட்டு ஓரத்தில் வெறும் பானையைத் தட்டியதுபோல் இருந்தது. "கேட்டீர்களா அம்மா, அடியில் மண்ணே இல்லை" என்றார். என் அம்மா அப்படியே நம்பிவிட்டார், நானும்தான். அவர் சொன்னதும் உண்மைதானே! அந்த ஒரு உண்மையைக் காட்டித்தான் மிச்சப் பொய்யையெல்லாம் விற்றார். இரண்டு ரசாயனங்களைக் கலந்து அடியில் செலுத்தினால் நுரையாகப் பொங்கித் தளத்தைத் தூக்கும், மாலையே காரை ஏற்றலாம் என்றார். அப்படி ஒரு முறை இருப்பது நிஜம். முன்பணம் 20,000 ரூபாயைத் தன்னிடமே நேராகக் கொடுத்தால் செலவு குறையும் என்றார். கொடுத்தேன்.

வேலை நாளன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். இயந்திரம் எதுவும் வரவில்லை. இரண்டு பேர் பன்னிரண்டு துளைகள் போட்டு, வாளியில் கரைத்த சிமெண்ட் பாலைக் குவளையால் ஊற்றினார்களாம். சிமெண்ட் கலவையைக் கொண்டும் தளத்தைத் தூக்கலாம், ஆனால் பம்பு வைத்து அழுத்தத்தோடு செலுத்த வேண்டும். குவளையால் ஊற்றினால் பள்ளத்தில் ஓடி அடங்கிவிடும். மேலே சன்னமாகக் கலவை பூசி மட்டமாக்கிவிட்டு, அம்மாவிடம் மீதி 18,000 ரூபாயையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றே வாரத்தில் அந்தப் பூச்சு கார் சக்கரத்தில் அப்பளம்போல் பெயர்ந்தது.

தொலைபேசியில் அழைத்தால் முதலில் "மழை நிற்கட்டும்" என்றார். அடுத்த வாரம் "காரை யார் ஏற்றச் சொன்னது?" என்றார். அதன் பிறகு எடுப்பதே இல்லை. செயலிக்காரர்கள் நான்கு முறை "புகார் பதிவாகியுள்ளது" என்று அனுப்பினார்கள். ஐந்தாவது முறை, பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். என் 38,000 ரூபாய்க்கு ஒரு ரசீதுகூடக் கிடையாது.

செயலிக்கு வெளியே பணம் கொடுக்காதீர்கள். எதைச் செலுத்தப் போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். இயந்திரம் வாசலுக்கு வராமல் ஒரு துளைகூடப் போட விடாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாயால் உயரம் பார்ப்பது) பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். வயதானவர்களைத் தனியே விட்டு வேலை நடத்தாதீர்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நேற்றிரவு மழையில் அந்தப் பன்னிரண்டு துளைகள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.