பம்பரிலும் பீடிங்கிலும் வெள்ளையாக உறைந்த வேக்ஸ்: நீண்டநாள் பயன்பாட்டில் எது நிற்கிறது

வேக்ஸ் போட்ட கார் மறுநாள் வெயிலில் நிற்கும்போதுதான் குறை தெரியும். பெயின்ட் பளபளக்கும், அதை ஒட்டியிருக்கும் கறுப்பு பம்பர் ஓரம், வைப்பருக்குக் கீழே உள்ள கவுல், கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங் எல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்திருக்கும். தண்ணீர் ஊற்றினால் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். டாடா பஞ்ச், மாருதி பிரெஸ்ஸா போல சக்கர வளைவைச் சுற்றிப் பெயின்ட் அடிக்காத கறுப்பு பிளாஸ்டிக் உறை, அதாவது கிளாடிங், உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இதற்குச் சொல்லப்படும் வழிகளில் பல, கறையை எடுப்பதில்லை, மூடி வைக்கின்றன. முதல் நாள் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நாலைந்து வாட்டர் வாஷுக்குப் பிறகுதான் வித்தியாசம் வெளிப்படும்.

முதலில், வெள்ளையாக இருப்பதெல்லாம் வேக்ஸ் அல்ல. வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை குறைந்து அடியில் கறுப்பு தெரிந்தால் வேக்ஸ். துணியில் சாம்பல் கலந்த கறுப்பு ஒட்டி, பிளாஸ்டிக் மட்டும் மங்கலாகவே இருந்தால், வெயிலில் மேல்தோல் சிதைந்திருக்கிறது. எந்த கிளீனரும் அதைச் சரிசெய்யாது. வேக்ஸ் கறை பெயின்ட் ஓரத்தை ஒட்டியே இருக்கும். வெயிலில் வெளுத்தது வானத்தை நோக்கிய பரப்பு முழுக்கச் சீராகப் பரவியிருக்கும். வட்ட வட்டமாக விளிம்போடு இருந்தால் போர் தண்ணீரின் உப்பு. அதற்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, உடனே கழுவினால் பெரும்பாலும் போய்விடும். ரப்பர் பீடிங்கில் மாவு மாதிரி படர்ந்து, துடைத்த சில வாரங்களில் மறுபடி பூத்தால், அது ரப்பருக்குள் கலந்த பொருட்களே மேலே வருவது. வேக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேக்ஸ் ஏன் இப்படிப் பிடிக்கிறது? கிளாடிங் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலவை. அதன் மேற்பரப்பில் தோல் போன்ற சொரசொரப்பை வேண்டுமென்றே வார்த்திருக்கிறார்கள். அந்தக் குழிகளுக்குள் வேக்ஸ் இறங்கிவிட்டால், மேலே துடைக்கும் துணி அதைத் தொடுவதே இல்லை. கிளீனர் வேக்ஸ் வகைகளில் பெயின்ட்டை மெருகேற்றுவதற்காக அலுமினியம் ஆக்சைடு, களிமண் போன்ற நுண்பொடிகள் கலந்திருக்கும். ஈரம் காய்ந்ததும் அந்தப் பொடி குழியிலேயே தங்கி வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, மெழுகைக் குழைத்தால் மட்டும் போதாது, பொடியையும் குழியிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். பிரஷ் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பதற்குக் காரணம் இதுதான்.

நீண்டநாள் பயன்பாட்டில் முதலிடம் ஆல் பர்ப்பஸ் கிளீனர் எனப்படும், காரத்தன்மையுள்ள பொதுவான சுத்தத் திரவத்துக்குத்தான். டீடெய்லிங் கடைகளில் லிட்டர் கணக்கில் கிடைக்கும். 50 மில்லியை 500 மில்லி தண்ணீரில் கலந்து தொடங்குங்கள். நகரவில்லை என்றால் 100 மில்லிக்கு 400 மில்லி தண்ணீர். அதற்கு மேல் கெட்டியாக்கத் தேவையில்லை. கெட்டியாக இருந்தால் வேகமாகக் காய்ந்து புதிய கோடுகளை விட்டுச்செல்லும், பெயின்ட்டில் உள்ள வேக்ஸையும் அரித்துவிடும்.

வண்டி நிழலில், தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். சாதாரண ஷாம்பு வாஷ் முடித்து மணலை அகற்றிவிட்டு, ஒரு அடி நீளம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரைசலை பிளாஸ்டிக்கின் மீது நேரடியாகப் பீய்ச்சுவதைவிட பிரஷ்ஷில் தெளித்துக்கொள்வது நல்லது, பெயின்ட்டில் சிதறாது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஊற விட்டு, மென்மையான நைலான் பிரஷ்ஷால் தேய்க்கவும். பழைய டூத் பிரஷ் போதும். ஒரே திசையில் தேய்த்தால் குழியின் ஒரு பக்கம்தான் சுத்தமாகும். நீளவாக்கில், குறுக்கே, பிறகு வட்டமாக. வெளுத்த நுரை கிளம்பும். அந்த நுரையை அங்கேயே காயவிடக் கூடாது. பலரும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்: நன்றாகத் தேய்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள், கிளப்பிவிட்ட பொடி மறுபடி குழியிலேயே உட்கார்ந்துவிடுகிறது. ஈர மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, உடனே தண்ணீர் விட்டுக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகுதான் மதிப்பிட வேண்டும். ஈரத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். பழைய கறைக்கு இரண்டு மூன்று சுற்று ஆகும். வண்டியில் பளபளப்பான அலுமினியப் பட்டை, ரூஃப் ரெயில் இருந்தால் கரைசல் அவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரத்தன்மையால் அலுமினியத்தில் விழும் வெள்ளைத் தழும்பு போகவே போகாது.

மாதக்கணக்கில் இறுகிப்போன கறைக்கு ஹேர் டிரையர் நல்ல துணை. வேக்ஸில் சேரும் கடினமான கார்னாபா மெழுகு உருகுவது 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்; ஆனால் டப்பாவில் வரும் வேக்ஸில் மென்மையான மெழுகுகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே இளகிவிடும். அரை அடி தள்ளிப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே சூடாக்கி, இளகியதும் கரைசல் நனைத்த பிரஷ்ஷால் எடுக்கலாம். ஹீட் கன் வேண்டாம். அது பிளாஸ்டிக்கின் மேல்தோலையே உருக்கி, சில நாளைக்குக் கறுப்பாகக் காட்டும். சொரசொரப்பு மழுங்கிப்போன இடம் மட்டும் கடைசிவரை தனித்துத் தெரியும்.

ரப்பர் பீடிங்குக்கு அணுகுமுறை வேறு. கதவு, கண்ணாடி ஓரங்களில் இருப்பது பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் மழையையும் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய்களைத் தாங்காது. மண்ணெண்ணெய், டீசல், டர்பன்டைன், பெட்ரோல் எதைத் தடவினாலும் உறிஞ்சி உப்பும், பிறகு நெகிழ்வு போய் இடைவெளி விடும். மண்ணெண்ணெய் வேக்ஸை நொடியில் கரைக்கிறது என்பது உண்மைதான், அதனால்தான் வாட்டர் சர்வீஸ் கடைகளில் அது ஓயாமல் புழங்குகிறது. ஆனால் கதவு பீடிங் கெட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். ரப்பருக்கு 1:10 கரைசலும் துணியும் போதும். மிச்சமிருக்கும் வெள்ளைக் கோடுகளை, காய்ந்த நிலையில் வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக அழித்துவிடலாம். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பயன்படும். துணியில் நனைத்து ஓரிரு முறை துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வேர்க்கடலை வெண்ணெய், தேங்காய் எண்ணெய் வழிகளும் உலவுகின்றன. எண்ணெய் வேக்ஸை இளக்கும் என்பதால் புதிய கறைக்கு ஓரளவு வேலை செய்யும். ஆனால் அந்த எண்ணெயை எடுக்க எப்படியும் கிளீனர் போட்டாக வேண்டும். எடுக்காவிட்டால் நம் ஊர்ப் புழுதி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் மெலமைன் பஞ்சு நிஜத்தில் நுண்ணிய உப்புத்தாள். கறையோடு சொரசொரப்பையும் தேய்த்து, வழவழப்பான திட்டுகளை விடும். தின்னர் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்துப் பெயின்ட் கூழாகிவிடும்.

டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் என்று சிலிகான் எண்ணெயைப் பூசினால் வெள்ளை உடனே மறையும். குழிக்குள் வேக்ஸ் அப்படியே இருக்கும். சில வாஷில் எண்ணெய் போனதும் கறை மீண்டும் தலைகாட்டும், இடையில் சேர்ந்த தூசியோடு. இப்படி பிளாஸ்டிக்குக்கு மேல் பூசும் பாலிஷ், அதாவது டிரெஸ்ஸிங், தப்பான பொருள் அல்ல, சுத்தம் செய்த பிறகு போட வேண்டியது. நீர் சார்ந்த டிரெஸ்ஸிங்கை மெலிதாகப் பூசி, ஐந்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டால் புழுதி ஒட்டாது.

அடுத்த முறை வேக்ஸ் போடுவதற்கு முன் இந்த டிரெஸ்ஸிங்கைப் பூசிவைத்தால், தவறிப் பட்ட வேக்ஸ் குழியில் இறங்காமல் ஈரத்துணியிலேயே வந்துவிடும். ஓரங்களுக்கு 18 அல்லது 24 மில்லிமீட்டர் மாஸ்கிங் டேப். பாலிஷ் மெஷின் ஓட்டினால் டேப் கட்டாயம், அது கலவையை நாலாபக்கமும் தெறிக்கவிடும். கறுப்புப் பகுதி அதிகமுள்ள வண்டிக்குப் பொடி கலக்காத திரவ சீலன்ட் (வேக்ஸுக்குப் பதிலாகப் போடும் செயற்கைப் பூச்சு) அல்லது ஸ்ப்ரே வேக்ஸ் பொருத்தமானது. பிளாஸ்டிக்குக்கென்று வரும் செராமிக் கோட்டிங் குழிகளை அடைத்துவிடுவதால் கறை பிடிப்பது நன்றாகவே குறைகிறது. ஆனால் அடியில் துளி வேக்ஸ் இருந்தாலும் அந்த இடத்தில் கோட்டிங் பிடிக்காது, திட்டாக உரியும். பூசுவதற்கு முன் ஆல்கஹாலில் கடைசியாக ஒருமுறை துடைத்து, நன்றாக உலரவிட்டு, வெயிலில் ஒருமுறை பார்த்துவிட்டே தொடங்குங்கள்.