பத்து அட்டை பிரமாதம், கையேடு சுமார்

சீனத்து ஐந்து மூலகங்களைப் பழகிக்கொள்ள வாங்கிய அட்டைத் தொகுப்பு இது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஒவ்வொன்றுக்கும் யாங் (முனைப்பான, நிமிர்ந்த தன்மை) ஒன்று, யின் (அதற்கு இணையான மென்மையான, வளைந்துகொடுக்கும் தன்மை) ஒன்று, ஆக 10 அட்டைகள். சீன நாட்காட்டியில் வருடங்களை எண்ணப் பயன்படும் பத்துக் குறிகளும் இவையேதான். 'ஜியா' யாங் மரம். நெடுநெடுவென நிமிர்ந்த பெருமரமாக வரைந்திருக்கிறார்கள். 'யி' யின் மரம். வளைந்து பற்றிப் படரும் கொடி. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே யின், யாங் என்பது நல்லது கெட்டது விவகாரமில்லை என்று விளங்கிவிடும். வரைந்த கைக்கு ஒரு சபாஷ்.

கோளாறு கையேட்டில்தான். நீர் மரத்தை வளர்க்கும், மரம் நெருப்புக்கு இரையாகும், சாம்பல் மண்ணாகும் என்று ஆக்கும் சுழற்சியைப் பக்கம் பக்கமாக நீட்டி முழக்கிவிட்டு, அடக்கும் சுழற்சிக்கு ஒரே வரி! நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும், மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரைத் தடுக்கும். இந்தக் கடிவாளம் இல்லாமல் சமநிலை எங்கிருந்து வரும்? மண் அட்டைக்குப் பழுப்பு நிறம் வேறு. மரபுப்படி அது மஞ்சள். கூடவே வரும் அதிர்ஷ்டப் பலன் சீட்டைத் தூக்கிப் போடலாம்.

அட்டைகளுக்கு 5 நட்சத்திரம், கையேட்டுக்கு 2.