ஜிமேட் விலக்கு ‘வாங்கித் தருகிறோம்’ என்பவரிடம் 85,000 ரூபாய் இழந்தேன்

நேற்று மதியம் வந்த ஒரு மின்னஞ்சலைப் படித்த சூடு ஆறாமல் இதை எழுதுகிறேன்; சொல்லில் காரம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எம்.பி.ஏ. படிக்க விரும்பிய என் மகளுக்கு, வணிகக் கல்லூரிச் சேர்க்கைக்கான ஜிமேட் என்னும் நுழைவுத் தேர்விலிருந்து விலக்கு வாங்கித் தருவதாகக் கூறி, காரைக்குடியில் உள்ள ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம் என்னிடம் 85,000 ரூபாய் பெற்றுக்கொண்டது. விலக்கும் வரவில்லை, விண்ணப்பமும் போகவில்லை. மற்றவர்கள் எப்படித் தப்பிக்கலாம் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மகள் சி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். 2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது அமெரிக்காவில் பல வணிகக் கல்லூரிகள் ஜிமேட் அல்லது அதற்கு மாற்றாக ஏற்கப்படும் ஜிஆர்இ தேர்வின் மதிப்பெண் இல்லாமலே விண்ணப்பங்களை ஏற்றன. சில இன்றும் கேட்பவர்களுக்கு விலக்கு அளிக்கின்றன. பட்டப்படிப்பு மதிப்பெண், சி.ஏ. போன்ற தகுதி, பணி அனுபவம் ஆகியவற்றைக் காட்டி, கணக்கில் தேர்ந்தவர் என்று சேர்க்கைக் குழுவை நம்பவைக்க வேண்டும். ஆண்டு முடிவுக் கணக்குகளுக்கு நடுவே தேர்வுக்குப் படிக்க நேரமின்றித் தவித்த அவளுக்கு இது நல்ல வழியாகத் தெரிந்தது.

தேவகோட்டையிலிருந்து பேருந்தில் போய் அந்த அலுவலகத்தில் நான் உட்கார்ந்ததும், உரிமையாளர் ஜிமேட்டைப் பற்றியோ மகளின் மதிப்பெண்ணைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. “அண்ணே, நீங்க எந்தக் கோயில்?” என்றுதான் கேட்டார். நகரத்தாரான எங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, ஒரே கோயில் என்றால் பங்காளிகள்; அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும். நேமம் என்றேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அட, நாம பங்காளிண்ணே, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நான் செய்யாம யார் செய்வா?” என்றார். ‘வெய்வர் கோட்டா’, அதாவது விலக்குக்கென்று தனி ஒதுக்கீடு, என்று ஒன்று இருப்பதாகவும், அதில் இரண்டே இடங்கள் மிச்சமிருப்பதாகவும் சொன்னார். முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய நான், அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் வைப்புத்தொகையை உடைத்து 85,000 ரூபாயைக் கொடுத்தேன்.

நவம்பரில் ‘விலக்கு கிடைத்துவிட்டது’ என்று ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பினார்கள். கோரிக்கை வந்து சேர்ந்தது என்று பல்கலைக்கழகத்தின் கணினி தானாக அனுப்பும் ஒப்புகை அது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அதன்பின் எப்போது அழைத்தாலும் சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்பார்கள், சர்வர் வேலை செய்யவில்லை என்பார்கள், அமெரிக்காவில் இப்போது இரவு என்பார்கள். நான் அழைத்தது மாலை ஏழு மணிக்கு. அங்கே அப்போது காலை. ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாம் சுற்று விண்ணப்பத்துக்கான கெடு முடிந்தே போயிற்று.

பொறுக்க முடியாமல் மகளே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதினாள். ஒரே நாளில், நேற்று மதியம், பதில் வந்தது. விலக்குக் கோரிக்கைக்குக் கட்டணமே கிடையாதாம். மதிப்பெண் பட்டியலைக் கேட்டு இரண்டு முறை எழுதியும் பதில் வராததால் கோப்பை மூடிவிட்டார்களாம். அந்த இரண்டு அஞ்சல்களும் ஆலோசனை நிலையம் தானே உருவாக்கிய முகவரிக்குப் போயிருக்கின்றன. என் மகள் கண்ணில் அவை படவே இல்லை. இலவசப் படிவம் ஒன்றைப் பாதியில் போட்டுவிட்டதற்கு 85,000 ரூபாய்!

இன்று காலை நேரில் போய்க் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. அதற்குப் பதிலாக, தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. சேர்வதற்கான டான்செட் நுழைவுத் தேர்வு எழுதாமலே இங்கேயே ஒரு கல்லூரியில் இடம் பிடித்துத் தருகிறேன் என்றார், என்னவோ சேலைக்கு மாற்றுச் சேலை தருவதுபோல. நான் குரலை உயர்த்தியதும், “பங்காளிக்குள்ள எதுக்குண்ணே சண்டை” என்று கதவு வரை வந்து வழியனுப்பினார்.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன், கை ஓடவில்லை. விலக்குப் படிவம் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும், பிள்ளையே தன் மின்னஞ்சலில் நிரப்பட்டும். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். விலக்கு கிடைத்தாலும் இடம் கிடைத்ததாக ஆகாது; உதவித்தொகைக்குச் சில இடங்களில் மதிப்பெண் கேட்பார்கள். அவ்வளவுதான்.

1915 எண்ணில் நுகர்வோர் புகார் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை ரசீதோடு சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதே நிலையத்தில் பணம் கட்டிய வேறு பெற்றோர் இருந்தால், அதற்குள் எனக்குத் தகவல் சொல்லுங்கள்.