சிங்கப்பூர் பேக்கேஜில் யுனிவர்சல் டிக்கெட்: தனியாகப் போகிறவர்கள் கவனிக்க

திருச்சிப் பக்கமிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க் டிக்கெட்டும் எக்ஸ்பிரஸ் பாஸும் (வரிசையில் காத்திருக்காமல் ரைடில் ஏறத் தனிக் கட்டணப் பாஸ்) சேர்த்துதான் பேக்கேஜ், அதை மட்டும் கழிக்க முடியாது" என்று ஏஜென்ட் சொன்னால், டிக்கெட் யார் பெயரில் எடுக்கப்படும், யாரிடமிருந்து வரும் என்று கேளுங்கள். நானும் கேட்டேன். "எல்லாம் நேரா கம்பெனி டிக்கெட்தான் சார்" என்றார். கடைசியில் என் கைக்கு வந்தது யாரோ ஒரு குடும்பம் எடுத்த டிக்கெட்டின் நகல்.

எனக்கு தீம் பார்க்கில் ஆசை கிடையாது. கேம்ப்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம், தாவரவியல் பூங்கா, தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் சிங்கப்பூர் கல் என்ற பழைய கல்வெட்டுத் துண்டு, இதற்கெல்லாம்தான் நான் போனேன். தீம் பார்க் வேண்டாம், அந்தத் தொகையைக் கழித்துவிடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஹோட்டல், பிக்கப், சிட்டி டூர், யுனிவர்சல் எல்லாம் ஒரே லேண்ட் பேக்கேஜ் (விமான டிக்கெட் தவிர்த்த மற்ற ஏற்பாடுகள்), ஒன்றை எடுத்தால் ஹோட்டல் ரேட்டும் மாறிவிடும் என்றார். தனி ஆள் என்பதால் அறைக்கு சிங்கிள் சப்ளிமென்ட் என்ற கூடுதல் கட்டணம் வேறு. தீம் பார்க்குக்கு மட்டும் எவ்வளவு என்று விடாமல் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினேன்: டிக்கெட்டும் எக்ஸ்பிரஸும் சேர்த்து 11,800 ரூபாய். இன்றைக்கு என்னிடம் இருக்கும் நல்ல ஆதாரம் அந்த ஒரு செய்திதான். அவர் கொடுத்த பில்லில் "சிங்கப்பூர் டூர், 1 நபர்" என்று மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது. ஜிஎஸ்டி எண்கூட இல்லை.

டிக்கெட் முந்தின நாள் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே ஒரு பக்கம். நடுவில் க்யூஆர் கோடு, அதன் கீழே பூங்காவின் பெயர், தேதி. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் "4இல் 3" என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. நான் ஒற்றை ஆள், எனக்கு ஏன் நான்கு பக்க டிக்கெட்டில் மூன்றாவது பக்கம் வருகிறது? உடனே செய்தி அனுப்பிக் கேட்டேன். "குரூப் புக்கிங் சார், அப்படித்தான் வரும், கவலைப்படாதீங்க" என்றார். எக்ஸ்பிரஸ் பாஸ் எங்கே என்றதற்கு, "கேட்டில் டிக்கெட்டைக் காட்டுங்க, அதுலயே லிங்க் ஆகியிருக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் பிக்கப் வண்டியும் வரவில்லை. ஒருவருக்காக எஸ்.ஐ.சி. வேன் (பலரைச் சேர்த்து ஏற்றும் பொது வண்டி) ஹோட்டலுக்கு வராதாம். லிட்டில் இந்தியாவிலிருந்து வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால், மாறாமல் ஹார்பர்ஃபிரன்ட்டில் இறங்கலாம். மேலே விவோசிட்டி மாலின் மூன்றாம் தளத்தில், யுனிவர்சல் இருக்கும் சென்டோசா தீவுக்குப் போகும் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில். உள்ளே போக 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வரக் கட்டணமில்லை. நடக்கத் தெம்பிருந்தால் கடலோரமாகவே போகும் போர்ட்வாக் நடைபாதை இலவசம். வேனுக்கென்று பணம் கொடுக்கவே தேவையில்லை. அந்தப் பிக்கப்புக்கும் பேக்கேஜிலேயே பணம் வாங்கியிருந்தார்கள்.

சுழலும் பெரிய உருண்டையைத் தாண்டி நுழைவாயிலில் ஸ்கேனரில் க்யூஆர் கோடை வைத்தேன். சிவப்பு விளக்கு. செல்ஃபோன் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி வைத்தேன், அதேதான். பின்னால் வரிசை நிற்கிறது. ஊழியர் ஒருவர் என்னை ஒதுக்கி, பக்கத்திலிருந்த உதவி கவுன்ட்டருக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு தமிழ்ப் பெண். க்யூஆர் கோடைச் சரிபார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இந்த டிக்கெட்ல கொஞ்ச நேரம் முன்னாடியே ஒருத்தர் உள்ள போயிட்டாரு" என்றார். ஒரு க்யூஆர் கோடு ஒரு தடவைதான் திறக்கும், எத்தனை பேருக்கு நகல் போயிருந்தாலும் முதலில் காட்டுகிறவருக்குத்தான் வழி, புக்கிங் இன்னொருவர் பெயரில் இருப்பதால் தங்களால் எதுவும் மாற்றித் தர முடியாது என்று பொறுமையாக விளக்கினார். எக்ஸ்பிரஸ் எதுவும் அந்த டிக்கெட்டோடு சேர்ந்திருக்கவில்லை என்பதையும் அவரே பார்த்துச் சொன்னார். அவர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஏஜென்டைக் கூப்பிட்டேன். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், அப்போது நம் ஊரில் காலை ஏழரைதான். நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தார். எடுத்ததும் கேட்ட கேள்விதான் இன்றுவரை ஆறவில்லை: "நீங்க உள்ள போயிட்டு வெளிய வந்துட்டீங்களா சார்? சிஸ்டத்துல யூஸ்டுன்னு காட்டுதே?" பாஸ்போர்ட்டும் கையுமாக வாசலில் நிற்கிறவனிடம் இந்தக் கேள்வி. கொஞ்சம் குரலை உயர்த்திய பிறகு, "சரி சார், இப்ப கவுன்ட்டர்ல புது டிக்கெட் எடுத்துக்கங்க, ரசீது அனுப்புங்க, சாயந்தரமே பணம் போட்டுடறேன்" என்றார். அதையும் எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அனுப்பவில்லை. பேசியதை எல்லாம் நானே வரிசையாக எழுதி அவருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. 80 வெள்ளிக்கு மேல் கொடுத்து டிக்கெட் எடுத்தேன். இன்றுவரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

உள்ளே போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது, தனியாகப் போகிறவர்களுக்கு இது முக்கியம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், எகிப்துப் பகுதியில் இருக்கும் மம்மி ரைடு போன்றவற்றுக்கு சிங்கிள் ரைடர் என்று தனி வரிசை விடுகிறார்கள். குடும்பங்கள் உட்கார்ந்த பிறகு மிஞ்சும் ஒற்றை இருக்கையில் நம்மை ஏற்றிவிடுவார்கள். கூடுதல் கட்டணம் கிடையாது. எல்லா ரைடுக்கும் இல்லை, எந்த நேரமும் திறந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் நான் போனபோது பெரிய வரிசையில் நின்றவர்கள் பாதி தூரம் நகர்வதற்குள் நான் ஏறி இறங்கிவிட்டேன். எக்ஸ்பிரஸ் பாஸ் விலை கூட்டத்துக்கு ஏற்ப நாளுக்கு நாள் மாறும், டிக்கெட் விலையோடு சேர்ந்து பெரிய தொகையாகிவிடும். தனி ஆளுக்கு அது அவசியம் என்று யாராவது வற்புறுத்தினால் நம்பாதீர்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது எந்தப் பாஸ் இருந்தும் பயனில்லை. அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. மழை விடக் காத்திருக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து மொத்தத் தொகைக்குக் கணக்குக் கேட்டபோது ஏஜென்ட் இன்னொன்றையும் சொன்னார்: "எஸ்ஜி அரைவல் கார்டு (சிங்கப்பூரில் இறங்குமுன் நிரப்பும் வருகைப் படிவம்), 800 ரூபாய்." சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் அதை இலவசமாகவே நிரப்பலாம். இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், பத்து நிமிட வேலை. விசா வேறு, அதற்குக் கட்டணம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிப் பணம் கேட்பதுதான் உத்தி.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது, "டிக்கெட் நான்-ரிஃபண்டபிள் சார், நாங்க மேல வாங்கினவங்ககிட்ட கேட்டுட்டு இருக்கோம்" என்றார். மேலே என்றால் யார்? சொல்லவில்லை. நான் யுபிஐ-யில் அனுப்பிய பணமும் நிறுவனத்தின் கணக்குக்குப் போகவில்லை, ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிலேயே முறையிட ஒரு வழி இருந்திருக்கும். கார்டு வாங்க மாட்டோம் என்று ஏஜென்ட் சொன்னால் அதையே ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே போல மாட்டியவர்கள் விட்டுவிடாதீர்கள். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், புகார் எண் தருவார்கள். அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒழுங்கான பில் கொடுக்காததையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது, எனவே பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து வையுங்கள். வாசலில் டிக்கெட் மறுக்கப்பட்டால் அங்கேயே திரையைப் படமெடுத்து, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் எடுத்த புது டிக்கெட்டின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸும் போயிருக்கிறது. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறேன். பூங்காவுக்கு வாங்கிய 11,800, வராத வேனுக்கு வாங்கியது, அரைவல் கார்டுக்கு வாங்கிய 800, மூன்றையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கெடு முடிந்ததும் ஆணையத்தில் மனு. "4இல் 1", "4இல் 2" என்று ஒற்றைப் பக்க டிக்கெட் வந்து வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒரே ஆள் ஒரே முறையில் பலரை ஏமாற்றியிருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனு போட முடியும்.