அரகேரியாவா, ஃபைகஸா: தொட்டி மரம் நலியும்போது

வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கப்படும் பசுமை மாறா மரங்களில் ‘நார்ஃபோக் தீவு பைன்’ எனப்படும் அரகேரியாவும், அத்தி இனத்தைச் சேர்ந்த ஃபைகஸ் பெஞ்சமினாவும் பரவலாகக் காணப்படுபவை. நலியும்போது இரண்டுமே உதிர்க்கின்றன, காய்கின்றன. ஆனால் ஃபைகஸ் இழந்ததை மீட்டுக்கொள்ளும், அரகேரியா மீட்டுக்கொள்ளாது. மரத்தைத் தேர்வதிலும் நோயறிவதிலும் இந்த வேறுபாட்டையே முதன்மையாகக் கருத வேண்டும்.

வெளிச்சம் மிகுந்த இடத்தில் வளர்ந்த ஃபைகஸை மங்கலான அறைக்கு மாற்றினால், பழைய ஒளிக்கேற்ப உருவான இலைகளைச் சில வாரங்களில் கொட்டிவிட்டு, புதிய ஒளிக்குத் தக்க இலைகளை அது துளிர்க்கிறது. இந்த உதிர்வைத் தாகம் என்று எண்ணித் தண்ணீரைக் கூட்டினால்தான் உண்மையான கேடு தொடங்கும்; இலை குறைந்த மரம் குறைவாகவே நீரை உறிஞ்சுவதால், தேங்கும் ஈரத்தில் வேர் அழுகிவிடும். கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் காத்திருக்கலாம். கீறிய இடத்தில் வடியும் பால் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

பசிபிக் பெருங்கடலின் நார்ஃபோக் தீவைத் தாயகமாகக் கொண்ட அரகேரியாவுக்கு இத்தகைய சலுகை இல்லை. பைன் என்று அழைக்கப்பட்டாலும் அது பைன் இனம் அன்று. அதன் அடிக்கிளை ஒருமுறை காய்ந்து விழுந்தால் அவ்விடத்தில் மறுகிளை வருவதில்லை. நுனியை வெட்டினாலோ அடுக்கடுக்கான வடிவமே குலைந்துவிடும். ஆகவே இங்கே எந்தப் பகுதி காய்கிறது என்பதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். எப்போதாவது ஓர் அடிக்கிளை மஞ்சளாவது முதுமையால் இருக்கலாம். அடுக்கடுக்காகக் கீழிருந்து காய்ந்தால் ஒளிக்குறைவையோ வேர்க்கோளாறையோ ஐயுற வேண்டும். நுனிகள் மட்டும் பழுப்பேறினால் வறண்ட காற்றோ, மண்ணில் படிந்த உர உப்போ காரணமாகலாம்.

நீர் மிகுந்தாலும் குறைந்தாலும் மரம் வாடவே செய்யும் என்பதால், இலையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. மண் ஈரமாக இருந்தும் மரம் வாடினால், மரத்தைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்து வேரைப் பார்க்க வேண்டும்: நலமான வேர் உறுதியாக இருக்கும், அழுகியது பழுப்பாகக் குழைந்து நாறும். மேல்மண் 2 அல்லது 3 செ.மீ. காய்ந்த பின்பு நீரூற்றி, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுவது இரண்டுக்கும் பொருந்தும்; ஆயினும் அரகேரியாவின் மண் முழுதும் காய விடலாகாது. காற்றின் வறட்சியைப் போக்க இலைமேல் அடிக்கும் நீர் தெளிப்பான் நிறைவு தருவது பெரும்பாலும் தெளிப்பவருக்குத்தான். குளிரூட்டியின் காற்று நேரே படாத இடத்துக்கு மரத்தை நகர்த்துவது அதைவிடப் பயன் தரும்.

தொட்டிகளை அடிக்கடி இடம் மாற்றும் வீட்டில் ஃபைகஸ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இலை கொட்டும். எனினும் பிழைத்துக்கொள்ளும் என்பதால் அங்கே அதையே பரிந்துரைப்பேன். வெளிச்சமான சன்னலோரம் நிலையாகக் கிடைக்குமானால் அரகேரியாவை வாங்கலாம். ஒரே தொட்டியில் அரகேரியா நாற்றுகள் பலவற்றை நெருக்கி நட்டு விற்பதுண்டு என்பதால், வாங்குமுன் அடித்தண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரித்து நட்டால் வேர்கள் அறுபடும் என்பதால், நெருக்கம் மிகுந்தால் நலிந்த நாற்றை மண்மட்டத்தில் வெட்டிவிடுவதே பாதுகாப்பானது.