கடல் தொட்டிக்கு வாங்கிய டெஸ்ட் கிட்டுகள்: கையில் இருப்பதும் பரணில் கிடப்பதும்

சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்கு கப்பி வாங்கப் போனவன், உப்புத் தண்ணீரில் கடல் மீன் வளர்க்கும் கடல் தொட்டி ஆசையோடு திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. நூறு லிட்டர் தொட்டி, ஒரு ஜோடி கோமாளி மீன், கொஞ்சம் ஜோவா, நாலைந்து மஷ்ரூம் (இரண்டும் கல்லாகாத மென்மையான பவள வகைகள்). தண்ணீரைச் சோதிக்க வாங்கிய சாமான்களில் பாதி இப்போது பரணில். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காவது அந்தக் காசு மிச்சமாகட்டும்.

முதலில் வாங்க வேண்டியது உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் மலிவுதான், ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே கூட்டிக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, அரை நிமிடம் கழித்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு தெரியும். அது 35-ல், அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பில், நிற்க வேண்டும். ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026.

இங்கேதான் கோட்டை விட்டேன். ஆர்.ஓ. தண்ணீர் விட்டுக் கோடு பூஜ்யத்தில் நிற்கும்படி வைத்துவிட்டு, தொட்டி 35 காட்டுகிறதே என்று ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஜோவா விரியவே இல்லை. லைட்டைக் குறை சொல்லி, அதையும் மாற்றினேன். அப்புறம் 35-க்கென்றே விற்கும் அளவுத் திரவம் ஒரு குப்பி வாங்கி ஒரு சொட்டு விட்டால், கோடு 38-ல் நிற்கிறது! அப்படியானால் என் தொட்டி 32. மலிவான கருவிகளில் பல, சாதா உப்புக் கரைசலுக்குச் செய்தவை. பூஜ்யத்தில் சரியாக இருப்பது 35-லும் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. அந்தத் திரவத்தை வைத்தே மேலே உள்ள குட்டித் திருகைத் திருப்புங்கள்.

கூடவே, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். பேனா. சமையலறை ஆர்.ஓ.வில் ருசிக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரையும் கலந்து விடுவார்கள். என் வீட்டில் 60 காட்டியது. தொட்டிக்குப் பூஜ்யம் வேண்டும். மே மாதத்தில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றிக்கொண்டே இருப்பதால், அதில் உள்ளதெல்லாம் தொட்டியிலேயே சேரும்.

அடுத்தது ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன். அதை அளக்கும் அலகு டி.கே.எச்.; 8-லிருந்து 9 இருந்தால் போதும். சாலிஃபர்ட் கம்பெனி கிட்டில் 4 மில்லி தொட்டித் தண்ணீர், நாலு சொட்டு இண்டிகேட்டர் (நிறம் காட்டும் திரவம்), பிறகு சோதனைத் திரவத்தை சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலப்பச்சை சட்டென்று ஆரஞ்சும் ரோஸும் கலந்த நிறத்துக்குத் தாவும். எங்கே தாவியது என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் டியூப்லைட் அடியில் சண்டை வரும். அவள் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் 0.3தான், அதனால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது.

நிறம் பார்க்கச் சலித்து, ஆல்கலினிட்டியை எண்ணாகவே காட்டும் ஹன்னா செக்கர் என்ற சின்ன மின்னணுக் கருவியும் வாங்கினேன். 10 மில்லி தண்ணீரில் அதற்கான ரீஏஜெண்டை (சோதனைத் திரவத்தை) சேர்த்து, குப்பியைக் கைரேகை இல்லாமல் துடைத்து வைத்தால் எண்ணே வந்துவிடும். சொகுசுதான். ஆனால் 8.2 என்று தசமத்தோடு காட்டுவதால் துல்லியம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் விவரத்தாளிலேயே 0.3-ம் அதோடு ஐந்து சதவீதமும் முன்பின் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. ரீஏஜெண்ட் பாட்டில் 25 தடவைக்குத்தான் வரும். நிறம் பிரித்துப் பார்க்கக் கண் ஒத்துழைக்காதவர்கள் தாராளமாக வாங்கலாம். மற்றவர்களுக்கு சாலிஃபர்ட் போதும்.

கால்சியம், மெக்னீசியம் கிட்டுகள்தான் பரணில் ஏறியவை. அவற்றை வேகமாகத் தின்பது கல்லாக வளரும் பவளங்கள். இங்கே அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் நம் தொட்டிக்கு வரக் கூடாதவை. ஜோவா, மஷ்ரூம் மட்டும் வைத்திருப்பவருக்கு மாதாமாதம் தண்ணீர் மாற்றினாலே சரியாகிவிடும். அம்மோனியா கிட் தொட்டி பழகும் முதல் சில வாரங்களுக்கு அவசியம். நண்பரிடம் கடன் வாங்கினாலும் தப்பில்லை.

பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டைச் சோதிக்கும் கிட் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஒரு கடையில் தள்ளுபடி என்று கொடுத்ததை வாங்கினேன், அது மூன்று வாரம் பூஜ்யம் பூஜ்யம் என்று காட்டியது. கண்ணாடியிலோ பாசி நாளுக்கு நாள் தடித்தது. பெட்டியைத் திருப்பினால் காலாவதியாகி எட்டு மாதம். புதிய கிட் 25 காட்டியது.