கோர்னாஸ்: கோலாலம்பூர் வெயிலுக்கு ஏற்றபடி திறந்தால் அருமையான சிவப்பு ஒயின்

பிரான்சின் வட ரோன் பள்ளத்தாக்கில், கருங்கல் சரிவுகளில் விளையும் கோர்னாஸ் முழுக்க முழுக்க சிரா திராட்சையில் ஆனது. 1938 முதல் உள்ள விதிப்படி வேறு திராட்சை சேர்க்கக் கூடாது. கருநீல நிறம், கரும்பழ மணம், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. மிளகு மணமும் உண்டு. மிளகில் இருக்கும் ரோட்டன்டோன் என்ற அதே பொருள்தான் சிராவிலும் இருக்கிறது.

அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்ற அறிவுரை இங்கே செல்லாது. 30 டிகிரியில் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். 16 முதல் 18 டிகிரி போதும். அதற்கும் கீழே போனால் துவர்ப்பு கசப்பாகிவிடும். இளம் புட்டியை முன்கூட்டியே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். பழைய புட்டி என்றால் முதல் நாளே நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும்.

வாங்கும்போது தக்கையைப் பாருங்கள். மேலே தள்ளியிருந்தாலோ கசிவுக் கறை தெரிந்தாலோ சூட்டில் கெட்டிருக்க வாய்ப்புண்டு, வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் கிடைக்கும் மிளகு ஆட்டிறைச்சிப் பிரட்டல் இதற்கு அற்புதமான ஜோடி. கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கும். சம்பல் மட்டும் வேண்டவே வேண்டாம், மிளகாய் எரிச்சலைச் சாராயம் இன்னும் கூட்டும். விலை அதிகம்தான், ஆனால் தரம் அதற்கு ஈடானது. மீந்ததைத் தக்கையால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.